கட்டுச்சோறும் கழற்றி வைத்த சக்கரமும்

போன சனிக்கிழமை ஹட்டனில், டயருக்கு ஒட்டுப் போடும் கடையொன்றின் வாசலில் நான் இருந்தேன், அக்கா மகள் வள்ளி இருந்தாள், எங்களை ஏற்றி வந்த வேன்காரர் இருந்தார். அக்கா இல்லை, அவளுக்கு ராகலையில் தேயிலைக் கொழுந்து மலையில் வேலை. மச்சான் இல்லை, நெஞ்சு நோவில் அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. காசிம் நானாவும் இல்லை. வட்டவளைக் கடையை விற்றுவிட்டு மகனோடு கம்பளைப் பக்கம் போய்விட்டார். இந்த மூன்று பேரும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வேன்காரர் டயரில் ஒரு வெட்டைக் காட்டி, “மாஸ்டர், நீங்க படிச்சவங்க. இது தாங்குமா, மாத்தணுமா?” என்று கேட்டார். இரண்டு தலைமுறையாகக் கூடை சுமந்த குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் சுமந்தவன் நான். அதற்காக டயரைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே ரப்பரைச் சுட்டு ஒட்டுகிற வாடை வந்தது. அந்த வாடை எனக்கு எப்போதும் புளிச்சோற்று வாடையோடு சேர்ந்துதான் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது வட்டவளைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. அக்காவை ராகலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். முதல் பிள்ளைக்கு அவளைப் பஸ்ஸில் கூட்டிவரப் போய், பாதி வழியில் பஸ் நின்றுபோய், திரும்பவும் ராகலைக்கே கொண்டுபோய் விட்டோம். அந்தப் பிள்ளை தங்கவில்லை. பஸ் குலுக்கியதுதான் காரணம் என்றாள் அம்மா. வாசல் தாண்டியவளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டு வந்ததுதான் காரணம் என்றார் அக்காவின் மாமியார். இரண்டு பேரும் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை என்றாலும் இரண்டு தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கும் கேட்டது.

ஆகவே இரண்டாவது தடவை கார் என்று முடிவாயிற்று. வட்டவளையில் சாமான் கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். வளைகாப்பன்று விடியுமுன்னே அம்மா கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடு வந்து நின்றாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. நானா டிக்கியைத் திறந்தார். உள்ளே மாற்றுச் சக்கரம் படுத்திருந்தது.

“அய்யய்யோ, இதென்னாங்க நானா! ரோட்டுல ஊரு பட்ட அசிங்கத்தையெல்லாம் மிதிச்சிட்டு ஓடுற சாமானு. இது பக்கத்துலயா புள்ளைத்தாச்சிக்குச் சோறு வைக்கிறது?”

“அது தூரப் பயணத்துக்கு வேணும், அம்மா.”

“செருப்பையும் சோத்தையும் ஒண்ணா வைப்பீங்களா உங்க வீட்டுல?”

நானா என்னைப் பார்த்தார். நான் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன். அம்மா சொல்வது சரி என்றேன். சக்கரம் கடைக்குள் போயிற்று, சோறு காருக்குள் ஏறியது. வாசனையோடு புறப்பட்டோம்.

ராகலையில் வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு, பகல் நல்ல நேரத்தில் அக்கா வலது காலை எடுத்து வைத்து வாசல் தாண்டிக் காரில் ஏறினாள். மாமியார் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். மூன்று வைத்தாகிவிட்டது. நாலாவதில் அப்படியே நின்றார்.

“இதென்ன, பல்லுவலிக்காரன் கன்னம் மாதிரி?”

எல்லாரும் கூடிவிட்டோம். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு வெட்டு. அதை ஒட்டி உள்ளங்கை அளவுக்கு ஒரு வீக்கம். வரும் வழியில் கூரான கல் ஏதோ கடித்திருக்க வேண்டும். ஆண்கள் எல்லாரும் முறைக்கு ஒரு தடவை பெருவிரலால் அழுத்தினோம். சிலர் உதைத்தும் பார்த்தார்கள். உதைத்தால் என்ன தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனாலும் நானும் உதைத்தேன். பிறகு, சூடேறினால் காற்று விரியும், விரிந்தால் அமுக்கம் கூடும் என்று ஒரு சின்னப் பாடம் நடத்தினேன். லயத்தின் பக்கத்துக் காம்பரா அறைக் கிழவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்போ காத்தைக் கொஞ்சம் எறக்கிட்டா சரியாப் போயிரும்தானே?” என்றார். நான் டயரை இன்னொரு தடவை உதைத்தேன்.

அக்கா கார்க் கதவு வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். “அதுக்கும் ஒம்பது மாசமா? அதையும் சேத்து அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். லயமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் டிக்கிப் பக்கம் போயிற்று.

“வண்டியைச் சரி பண்றவரைக்கும் புள்ளை உள்ள வந்து படுக்கட்டுமே” என்றாள் மெதுவாக.

மாமியார் இஸ்தோப்புத் திண்ணையில் குறுக்கே நின்றார். “வேணாங்க சம்பந்தி. ஒரு தடவை திரும்பி வந்தது போதும். இனிமே புள்ளையோட வந்தா போதும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. நடுவில் அக்கா.

நானா ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். டியூபை உருவி எடுத்துவிட்டு டயருக்குள்ளே கையை விட்டுத் தடவினார். “வெளி ரப்பர் வெட்டுப்பட்டா பரவாயில்ல, மாஸ்டர். உள்ளுக்கு நூல் இருக்கு பாருங்க, அது அறுந்திச்சா எண்டுதான் பார்க்கணும்.” என் கையையும் உள்ளே விட்டுக் காட்டினார். நெய்த சாக்குப் போல இருந்த இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு நார் நாராகப் பிரிந்திருந்தது.

“அறுந்திருக்கு. ஆனா பழைய டயர்த் துண்டு ஒண்டை உள்ளுக்கு வச்சா, மெதுவாப் போனா, ஹட்டன் வரைக்கும் ஓடும். நான் ஓட்டியிருக்கேன்.”

ஓடும் என்றார்கள் பாதிப் பேர். ஓடாது என்றார்கள் மீதிப் பேர். நுவரெலியாவுக்கு ஏற வேண்டும், நானுஓயாவில் இறங்க வேண்டும், வழியெல்லாம் வளைவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. நான் எந்தக் கட்சி என்று எனக்கே புரியவில்லை.

அப்போதுதான் மச்சான் வந்தார். இவரைப் பற்றிச் சொல்லவில்லையே. ஒரே காம்பராவில் தாய், தகப்பன், இரண்டு தம்பி, ஒரு தங்கை இவர்களோடு குடித்தனம் செய்கிறவர். மற்றவர்கள் முன்னால் அக்காவோடு அவர் பேசி நான் கண்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட இருமுவார். அவர் உட்கார்ந்து டயருக்குள் கையை விட்டார். வெகுநேரம் வைத்திருந்தார்.

“வேணாங்க நானா. புதுசு போட்ருவோம்.”

“ஓடும் எண்டு சொல்றேனே, தம்பி.”

“ஓடுங்க. இவளை வச்சிக்கிட்டு நம்மளால ஓட்டிப் பாக்க முடியாதுங்க.”

நானா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காய்கறி ஏற்றி வந்த ஒரு லொறியில் நானும் நானாவும் சக்கரத்தோடு நுவரெலியாவுக்குப் போனோம். காரின் ஒரு மூலையை ஜாக்கியோடு கருங்கல்லும் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். அக்கா இறங்க மறுத்துவிட்டாள். “எறங்கினா எங்க போறது? இதுலயே இருக்கேன்.”

நாங்கள் திரும்பி வர மாலையாகிவிட்டது. மூடுபனி இறங்கி லயத்தைப் பாதி மறைத்திருந்தது. காரின் கண்ணாடிகள் உள்ளிருந்து வேர்த்து வெள்ளையாகியிருந்தன. முன் சீட்டில் மச்சான், பின் சீட்டில் அக்கா, இரண்டு பேர் கையிலும் பிளேன்டீ. மச்சான் பேசிக்கொண்டிருந்தார். ஆமாம், இருமாமல், கையை ஆட்டி ஆட்டி. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எட்டிப் பார்க்கப் போன பிள்ளைகளை மாமியார் விறகுக் கம்போடு விரட்டினார்: “அங்க என்னடா வேடிக்கை? போங்கடா!” தூரத்தில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த அம்மா, “மத்தியானத்துலேருந்து இப்புடித்தான்” என்றாள். டிக்கியைப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்த குற்ற உணர்ச்சி இப்போது இல்லை.

நானா நட்டுச் சாவியைக் கையில் எடுத்தவர், காரைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “ஒரு சுருட்டுப் புடிச்சிட்டுச் சக்கரத்தைப் பூட்டுவோமே, மாஸ்டர்” என்றார். அவருக்குச் சுருட்டுப் பழக்கம் கிடையாது.

இருட்டில் போகிற பிள்ளைத்தாய்ச்சி கையில் இரும்பு வேண்டும் என்று மாமியார் தேடியபோது, நானா தம் நட்டுச் சாவியைக் கொடுத்தார். “வச்சிக்கோங்க தங்கச்சி. வட்டவளையில தந்தாப் போதும்.” அக்கா அதை மடியில் வைத்தபடியே தூங்கி வந்தாள். வள்ளி நல்லபடியாகப் பிறந்தாள்.

அந்தக் கறுப்புக் கார் இப்போது இல்லை. இரும்புக்குப் போய்விட்டது. கம்பெனி பஸ்கள் போய், அரசாங்கப் பஸ் வந்துவிட்டது. நினைத்த நேரத்தில் புதுச் சீமை டயர் கிடைத்த காலமும் போய்விட்டது. அக்காவின் மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மச்சானின் தங்கையைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மச்சானின் தம்பிகள் இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுத்துவிட்டு வேறு லயத்தில் காத்திருக்கிறார்கள். காம்பராவில் இடம் தாராளமாகிவிட்டது. வள்ளியும் படிப்புக்காக என்னோடு வந்துவிட்டதால் அதில் அக்கா ஒருத்திதான்.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் இருந்தபடி கேட்டாள்: “டேய், அன்னிக்கு அந்த டயரு எவ்வளவுடா? உங்க மச்சான் கடைசி வரைக்கும் சொல்லவேயில்ல.”

நானாவும் நாங்களும் பாதிப் பாதி போட்டதையும், டயர் பூட்டுக்கூலியையும், லொறிக்காரருக்கு வாங்கித் தந்த டீயையும் வடையையும்கூட விடாமல் கூட்டிச் சொன்னேன். அந்த ஒரு மத்தியானத்துக்கு மொத்தம் அறுபத்தைந்து ரூபாய்.