உறுதிமொழிக்கு நீண்ட கைகள்

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். பொறியியல் பட்டதாரி. என் கையொப்பம் இல்லாமல் அங்கே எந்தப் பராமரிப்பு வேலையும் தொடங்காது. மேலாளர்களும் என்னைக் கண்டால் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற ஓராண்டு இருந்தபோது ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் என் கண்ணெதிரே, தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். முப்பத்திரண்டு வயது, இரு குழந்தைகளின் தந்தை. அன்று காலை நான் சுற்றிவந்தபோது அந்த இயந்திரத்துக்குள் கை போகாமல் காக்கும் தடுப்புக் கதவு கழற்றிவைக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு வேளையில் மாட்டிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லாமல் சரி என்றேன். விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன்பின், எங்கள் படப்பை வீட்டருகே ஜல்லி இறக்கும் லாரியின் பின்கதவு மோதினாலே எழுந்து வாசலுக்கு ஓடுவேன். விபத்தில் சிக்கியோருக்கும் அதைக் கண்ணால் கண்டோருக்குமான குழுச் சிகிச்சையில் என் மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். டியூஷன் சென்டர் ஒன்றின் மாடியில், எட்டு ஞாயிற்றுக்கிழமைகள். வட்டமாக உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். பாதம் தரையில் படுவதை உணர வேண்டும். துயரில் இருக்கும் நண்பரிடம் காட்டும் கனிவைத் தன்னிடமும் காட்டப் பழக வேண்டும்.

மூன்றாம் வாரம், “நான் பாதுகாப்பாக இருப்பேனாக” என்று தொடங்கும் வரிகளைத் திரும்பச் சொல்லும்படி ஆலோசகர் கேட்டார். சொல்லிவைத்தாற்போல் எல்லாருடைய வலக்கைகளும் முன்னே நீண்டன. ஷிப்டு தொடங்கும் முன் கைநீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்துப் பழகியவர்கள் நாங்கள்.

“சார் கையப் பாருங்கப்பா. இன்னும் டியூட்டிலதான் கீறாரு” என்றார் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நீண்ட கைகளில் ஒன்றுக்கு மூன்று விரல்கள் இல்லை. வேறோர் ஆலையில் அவற்றை இழந்த பெண் அவர். அதுவரை அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்திருந்தார். தன் கையைத் தானே சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அன்றே தன் விபத்தைச் சொல்லத் தொடங்கினார். ஆறாம் வாரம், ஷேர் ஆட்டோவின் கம்பியை அந்தக் கையாலேயே பிடித்து வந்ததாகச் சொன்னார். கனிவு ஒருவரை மீட்பதை நான் நேரில் கண்டது அப்போதுதான்.

கடைசி வாரம் அவரே என் பக்கம் திரும்பினார்.

“எட்டு வாரமா எங்க கதையக் கேட்டுகினே கீறீங்க. உங்களுது இன்னா சார்?”

கழற்றிய தடுப்பைக் காலையிலேயே பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். “ஒருவர் இறந்ததைப் பார்த்தேன்” என்பதே வெளிவந்தது.

“பாத்ததே பெரிய பாரம் சார். உங்க மேல தப்பு இல்ல. உங்களுக்கு நீங்களே அதச் சொல்லிக்கங்க.”

மற்றவர்களும் தலையசைத்தார்கள். ஓட்டுநர் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். அத்தனை கனிவும் நான் சொன்ன பாதி உண்மையின்மேல் விழுந்தது. எனக்கென்று அதில் எதையும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நன்றி கூறிப் படியிறங்கினேன். அந்தக் குழு அத்துடன் முடிந்தது.

அங்கே மனம்விட்டுப் பேசியதால் அப்பா குணமாகிவிட்டார் என்று என் மகள் உறவினர்களிடம் சொல்லிவருகிறாள். நான் அங்கே மனம்விட்டுப் பேசவில்லை. குணமாகவும் இல்லை.