நுரை போகும்வரை

தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. லீவு கிடைத்தால் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை நான். போன வருடம் மனைவி பிடிவாதம் பிடித்ததால் பண்டாரவளையில் அறை எடுத்துத் தங்கி, ஒருநாள் பூனாகலைப் பக்கம் போனோம். காட்டுக்குள் ஒரு அருவி இருக்கிறதாம். பக்கத்தில் எல்ல என்ற ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அது இன்னும் தெரியாதாம்.

தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். மழை பெய்து விட்டிருந்தது, அட்டை இருக்கும். நான் என் தோட்டத்து மூளையைக் காட்டினேன். அட்டை ஏறாமலிருக்கச் சவுக்காரக் கட்டியை நனைத்து இருவரும் முழங்கால்வரை அப்பிக்கொண்டோம். கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா தினமும் செய்ததுதான். கொழும்பில் பிறந்த மனைவி என்னை மரியாதையோடு பார்த்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு மணி நேரம் இறங்கினோம். கறுத்த பாறையில் விழுந்த தண்ணீர் கீழே குட்டையாகத் தேங்கி, வழிந்து, ஓடையாகத் தேயிலைக்குள் போனது. வாய் திறந்து பேசத் தோன்றாத இடம். அங்கே நான் செய்த முதல் வேலை, இறங்கிக் காலைத் தேய்த்தது. சவுக்காரம் நுரை நுரையாகப் போனது.

தற்செயலாகத் திரும்பினேன். குட்டை வழியும் இடத்தில் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவர் தோளில் தப்பு மேளம். மூன்று பேர் கையில் ஒரு வெள்ளை வேட்டியின் முனைகள். என் வயதுள்ள ஒருவர் ஈர உடம்போடு, குடத்தைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அருவி இரைச்சலில் தப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்கவேயில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சாவு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வந்திருக்கிறார்கள். மகன் குடம் சுமக்க, அவர் தலைக்கு மேல் நாலு பேர் வேட்டியைப் பந்தலாகப் பிடித்து வரவேண்டும்.

பதறிக் கரையேறி மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லங்க. எங்கம்மாவுக்குத்தான். நொர போகட்டும், எடுத்துக்குறோம்" என்றார் குடம் வைத்திருந்தவர்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே ஏறி எடுக்கலாமே என்றேன். அந்தப் பாறையில் பந்தலோடு ஏற முடியாது என்றார்கள். எல்லோரும் நின்றோம். என் கால் அழுக்கு போகும்வரை ஒரு தாய் குளிக்கக் காத்துக் கிடந்தாள்.

தண்ணீர் தெளிந்ததும் அவர் குடத்தை முக்கி எடுத்தார். பந்தலின் ஒரு முனை மட்டும் தொங்கியது. அது அவருடைய தம்பி பிடிக்க வேண்டிய முனை. கொழும்பில் வேலை செய்கிற தம்பி பஸ் ஏறிவிட்டானாம், இன்னும் வந்து சேரவில்லையாம். வேறு இளவட்டங்களும் லயத்தில் இல்லை.

குடத்தை இறக்காமலே அவர் என்னைக் கேட்டார்.

"சவுக்காரம் பூசிக்கிட்டு வந்திருக்கீங்க. எந்தத் தோட்டங்க?"

அப்புத்தளைப் பக்கம் என்று சொன்னேன்.

"அப்பப் புடிங்க."

பிடித்தேன். தப்பு முன்னால் போனது. மனைவி எங்கள் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

என் அம்மா செத்த அன்று நானும் கொழும்பிலிருந்து பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி, புதுச்சேலை உடுத்தி வைத்திருந்தார்கள். அண்ணன் குடம் எடுத்தார் என்று தெரியும். என் முனையை யார் பிடித்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.