ஒருவரும் தூக்காத கை

நடந்த எதையும் காலம் குறித்து வைப்பது என் வழக்கம். வடகீழ் மழை எந்தக் கிழமை பிடித்தது, எங்கள் செட்டிபாளையத்துக் கிணறுகளில் எந்த மாதம் உப்புத் தட்டியது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் பனிச்சங்கேணி அக்காவின் வேலை எந்த நாளில் போனது என்று கேட்டால் எனக்குக் குழப்பம். பரீட்சைப் பெறுபேறு வந்த நாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் அதற்கு முந்திய ஒரு சனிக்கிழமையைத்தான் நினைக்கிறேன்.

முன்பள்ளி ஆசிரியர்களுக்கான டிப்ளோமா வகுப்பு, தைப்பொங்கல் கழிந்ததும் மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்த மண்டபம் ஒன்றில் தொடங்கியது. சனிக்கிழமைகளில் மட்டும். படிக்க வந்த எல்லோரும் ஏற்கெனவே எங்காவது ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்த பெண்கள். வடக்கே பனிச்சங்கேணியிலிருந்து வந்த அக்கா என்னைவிட மூத்தவர். முதல் நாள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கடைசி வரை அங்கேயே இருந்தார்.

அவர் வந்த காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இடம்பெயர்வுகளில் அறுந்த படிப்பு அவருடையது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் ஊர் முன்பள்ளியைத் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் அங்கே டீச்சர். டிப்ளோமா இல்லாதவர் இனிப் பொறுப்பில் இருக்க முடியாது என்று பள்ளியை நடத்தும் குழு முடிவெடுத்திருந்தது. உயர்தரம் படித்து டிப்ளோமாவும் எடுத்திருந்த பிள்ளை ஒருத்தி அந்த இடத்துக்குத் தயாராக இருந்தாள். அவருக்கு இருந்தது இந்த டிப்ளோமா முடியும்வரையான ஒரே தவணை.

அந்த வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்காக எங்கள் ஊர் முன்பள்ளி பூட்டியிருந்தது. இரண்டு பஸ் மாறி அவருடைய பள்ளியைப் பார்க்கப் போனேன். மீன் வாங்கப் போன பூனை ஒன்றைப் பற்றித் தானே கட்டிய கதையைச் சொல்லி முடித்து, இனி நீங்கள் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டார். ஒருவன் வாயால் சொன்னான். இரண்டு பேர் பூனையாகவும் மீன்காரனாகவும் நடித்தார்கள். ஒருத்தி படம் கீறினாள். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து வாய் திறக்காத சின்னப் பெண் ஒருத்தி மட்டிச் சிப்பி ஓடுகளைத் தரையில் பரப்பினாள். பெரிய ஓடுதான் பூனை என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. பூனை தண்ணீரில் விழும் இடம் வந்ததும் அவள் அந்த ஓட்டைக் கவிழ்த்தாள்.

"ஓம், விழுந்திட்டுது. மறுகா?" என்று அடுத்து நடந்ததைக் கேட்டார் அக்கா.

அவள் ஓட்டை நிமிர்த்தி மற்ற ஓடுகளுக்கு அப்பால் நகர்த்தி வைத்தாள். வாயால் சொன்ன பையனுக்குக் கிடைத்த அதே நட்சத்திரம் அவளுடைய புறங்கையிலும் பேனையால் கீறப்பட்டது. கதை தெரிந்தால் போதும், அதை அந்தப் பிள்ளை எந்த வழியால் காட்டினாலும் எனக்குச் சரிதான் என்று தேநீர் குடிக்கும்போது அக்கா சொன்னார். இதைப் பெரிய புத்தகங்களில் சுற்றி வளைத்து எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன் என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, அடுப்பில் சோயாக்கறி அடிப்பிடிக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார்.

ஆடியில் அமிர்தகழித் தீர்த்தத் திருவிழா முடிந்து வந்த சனிக்கிழமை, எங்கள் விரிவுரையாளர் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்த முகத்தோடு வந்தார். வயதில் எங்களில் பலருக்குத் தம்பி போன்றவர். இறுதி மதிப்பீட்டுக்கு மூன்று வழிகளை அனுமதிக்கும்படி மேலிடத்தோடு பல மாதங்கள் வாதாடி, அன்றுதான் சம்மதம் பெற்றிருந்தார். மூன்று மணித்தியால எழுத்துப் பரீட்சை, அல்லது பரீட்சகர் முன் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்துவது, அல்லது ஒரு வருட வேலைகளைக் கொண்டுவந்து காட்டி, கேட்பதற்கு வாயால் பதில் சொல்வது. எதில் சித்தியடைந்தாலும் ஒரே சான்றிதழ். எந்த வழியால் எடுத்தது என்று அதில் இருக்காது. இரண்டு முறை அதைச் சொன்னார்.

பக்கத்தில் அக்கா நிமிர்ந்து இருந்ததைப் பார்த்தேன்.

பிறகு விரிவுரையாளர் செய்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எழுத்துப் பரீட்சைக்கு யார் யார், கையைத் தூக்குங்கள் என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் உடனே தூக்கினார்கள். அவர்களைப் பார்த்து இரண்டாம் வரிசை தூக்கியது. அந்த நேரம் காத்தான்குடியிலிருந்து வரும் முஸ்லிம் அக்கா, ராத்தா ஒருவர், எங்கள் வகுப்பின் பகிடிக்காரி, பின்னாலிருந்து சொன்னார்:

"சேர், வாய்ப் பரீட்சையும் வெச்சா எங்கட மாமிமாரெல்லாம் நாளைக்கே டிப்ளோமா எடுத்திருவாங்க."

மண்டபம் முழுவதும் சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்தார். நானும்தான். அந்தச் சிரிப்பு அடங்கியபோது கையைத் தூக்காதவர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். அவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். நான் தூக்கினேன். அக்கா கடைசியாகத் தூக்கினார். மற்ற இரண்டு வழிகளையும் விரிவுரையாளர் பெயர் சொல்லிக் கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. இரண்டு கிழமைக்குள் மனம் மாறினால் தனியாக வந்து சொல்லலாம் என்றார்.

அன்று இருவரும் பாலத்தால் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பாடம் நடத்தும் வழியை நீங்கள் எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். வயதில் சின்னவளான என்னையும் எங்கள் பக்க வழக்கப்படி 'கா' போட்டுத்தான் அவர் பேசுவார்.

"எடுக்கலாம்தான் கா. மறுகா ஊரில என்ன கதைப்பாங்க? எழுதத் தெரியாதவ, பிள்ளையளோட பாட்டுப் பாடிச் சான்றிதழ் வாங்கிற்று வந்திருக்கா எண்டுவாங்க."

சான்றிதழில் அது இருக்காதே என்றேன்.

"கடதாசியில இருக்காது. ஆக்கள்ற வாயில இருக்கும்."

அவர் ஊர்ப் பக்கம் போகும் வாகரை பஸ் வந்தது. இரண்டு கிழமையும் போயின. ஒருவரும் மனம் மாறவில்லை.

பரீட்சை மழைக்கு முன் நடந்தது. பழைய சீனத்தில் பரீட்சை எழுதப் போனவர்களை ஒவ்வொருவராகச் சின்ன அறைகளில் விட்டுப் பூட்டுவார்களாம் என்று எப்போதோ படித்தது, வினாத்தாளைத் திறக்கும்போது தேவையில்லாமல் நினைவுக்கு வந்தது. பரீட்சை ஒழுங்கில் அக்கா எனக்கு முன்னால் இருந்தார். குனிந்த தலை நிமிரவே இல்லை. பிள்ளைகளின் மொழி வளர்ச்சி பற்றிய முதல் கேள்விக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதியதாகப் பிறகு சொன்னார். அந்த மட்டி ஓட்டுக் கதையையும் எழுதினாராம். மூன்றாம் கேள்வியைத் தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. எழுதிப் பழகாத கை அவ்வளவுதான் ஓடும்.

அடுத்த தையில் பெறுபேறு வந்தது. நான் சித்தியடைந்திருந்தேன். அவர் இல்லை.

அக்கா அடுத்த அணியோடு சேர்ந்து திரும்ப எடுக்கலாமா என்று விரிவுரையாளரிடம் விசாரித்தேன். எடுக்கலாம், ஆனால் எழுத்து மட்டும்தான் என்றார். மற்ற இரண்டு வழிகளையும் மேலிடம் நிறுத்திவிட்டதாம். எத்தனை பேர் அவற்றைக் கேட்டார்கள் என்று மேலிடத்தில் விசாரித்தபோது, ஒருவரும் இல்லை என்ற உண்மையைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. ஒருவருக்கும் விருப்பம் இல்லாததை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த வருடம் பங்குனியில் பனிச்சங்கேணிக்கு மீண்டும் போனேன். அக்கா அதே பள்ளியில் உதவியாளராக இருக்கிறார். கஞ்சி காய்ச்சுகிறார், பிள்ளைகளின் கை கால் கழுவிவிடுகிறார். உள்ளே புதிய டீச்சர் எல்லோருக்கும் ஒரேமாதிரிப் பயிற்சிக் கொப்பி கொடுத்துப் புள்ளிகளை இணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் இருவருக்கும் கதிரை கொண்டுவந்து போட்டாள்.

மற்ற வழிகளை எடுத்துவிட்டார்கள் என்பதை அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அவர் கஞ்சியைக் கிண்டியபடியே கேட்டார்:

"அண்டைக்குக் கையத் தூக்கச் சொன்ன நேரம் நீ எதைக் கா எடுக்க நினைச்ச?"

பாடம் நடத்தத்தான் என்றேன். என் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவர வாகனம்கூட மனதில் பேசி வைத்திருந்தேன். யாராவது ஒருவர் அந்த வழிக்கு முதலில் கையைத் தூக்கினால் நானும் தூக்கலாம் என்று இருந்தேன்.

அகப்பையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் உன்னத்தானே பாத்துக்கொண்டிருந்தன், புள்ள."