முட்டைக்கோசுக்குப் போட்ட பெல்ட்

எங்கள் வீட்டிலிருந்து காய்கறிக் கடைக்கு நடந்து போனால் எட்டு நிமிடம். காரில் போனால் மூன்று நிமிடம்தான், ஆனால் கிளம்புவதற்கே பத்து நிமிடம் ஆகிவிடும். இந்த மெல்போர்ன் நகரத்தில் காரில் ஏறினால் முதலில் உங்களை நீங்களே இருக்கையோடு கட்டிக்கொள்ள வேண்டும். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, இரண்டும் சேர்கிற இடத்தில் ஒரு கொக்கி. போடாவிட்டால் போலீஸ்காரர் அபராதச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். நாங்கள் வந்த எழுபதுகளின் தொடக்கத்தில்தான் அந்தச் சட்டமும் வந்திருந்தது என்பதால் அந்த ஊர்க்காரர்களே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். புடவை கட்டியவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பட்டையின் நீளத்தை ஆளுக்குத் தகுந்தபடி கையால் கூட்டிக் குறைக்க வேண்டும், முந்தானை மாட்டிக்கொள்ளும், மடிப்பெல்லாம் கசங்கும். கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கினால் என் பட்டுப்புடவையில் தோளிலிருந்து இடுப்பு வரை இஸ்திரி போட்டதுபோல ஒரு கோடு விழுந்திருக்கும். காஞ்சிபுரத்தில் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் தொங்கிக்கொண்டு போகிற உங்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் கோபம் வந்தது.

கோபம் வந்தது வள்ளி பிறந்த பிறகு. அவளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது பக்கத்து வீட்டு ஜோன் ஒரு சின்ன நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய மகன் வளர்ந்துவிட்டானாம், இனி வள்ளிக்கு ஆகட்டும் என்றாள். அதைக் காரின் பின் இருக்கையில் முடுக்கிவிட்டு, குழந்தையை உட்காரவைத்து, இரண்டு தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கு நடுவிலும் வார் போட்டு இறுக்க வேண்டும். என் கணவர் தாமு துணி ஆலையில் இயந்திரப் பொறியாளர். திருகு முடுக்குகிற வேலை என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காரின் பின்பக்கம் துளை போட்டு, இடைஞ்சலாக இருந்த பழைய பெல்ட் ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு, நாற்காலியைப் பொருத்தி, ஆட்டி ஆட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எனக்கு வயிறு எரிந்தது. கன்றுக்குட்டியைக் கட்டுவோம், ஆட்டைக் கட்டுவோம். பெற்ற பிள்ளையைக் கட்டிப்போட்டு முதுகுப்பக்கம் வைத்துவிட்டு, முன்னால் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு போவார்களா?

"எம் மடி இருக்கசொல்ல அதுக்கு எதுக்குங்க நாற்காலி? என் கையி இன்னா ஒடஞ்சா போச்சு?" என்றேன்.

"லோகா, நான் சொல்றது..." என்று அவர் ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை.

அதனால் எங்கள் காரில் புது ஏற்பாடு ஒன்று வந்தது. முன் இருக்கையில் நான், என் மடியில் வள்ளி, எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றி ஒரே பெல்ட். சட்டத்துக்கும் கட்டுப்பட்டாயிற்று, குழந்தையும் கையில் இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. ஜோன் கொடுத்த நாற்காலியையும் வீணாக்கவில்லை. கடையிலிருந்து திரும்பும்போது முட்டைக்கோசையும் உருளைக்கிழங்குப் பையையும் அதில் உட்காரவைத்து வாரைப் பூட்டிவிடுவேன். வளைவில் திரும்பினாலும் ஒரு கிழங்கு உருளாது. தாமு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்.

ஒரு சனிக்கிழமை பின் விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். செம்பட்டை மீசை வைத்த பெரிய ஆள். விளக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். முட்டைக்கோசைப் பார்த்தார், என் மடியில் இருந்த வள்ளியைப் பார்த்தார், மறுபடி முட்டைக்கோசைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, முட்டைக்கோசு மிகவும் பத்திரமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் "தேங்க் யூ" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அப்புறம் என்னைக் காட்டி, குழந்தையைக் காட்டி, "யூ ஆர் ஹெவி, மேடம். யூ ஆர் டூ ஹெவி ஃபார் ஹர்" என்றார். பிள்ளை பெற்ற உடம்பு கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுரோட்டில், கட்டின புருஷனை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் குண்டு என்று சொல்வதா? எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீங்க பாத்துக்கினு சும்மா இருக்கீங்க!" என்று வீடு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்ன குண்டுன்னு சொல்லலம்மா அவுரு. வண்டி எங்கியாவது மோதுச்சுன்னா ஒன் கனம் மொத்தமும் கொயந்த மேல வந்து வியும், பெல்ட்டுக்கும் ஒனக்கும் நடுவுல அது நசுங்கிடும்னு சொல்றாரு."

"அப்போ பெல்ட்டுக்கு வெளியில வெச்சுப் புடிச்சுக்கறேன். என் புடி வுடாது. பந்தயம் கட்டறீங்களா?"

கட்டினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வள்ளியை ஜோனிடம் விட்டுவிட்டு, ஆலைக்குப் பின்னால் இருந்த வெறும் மைதானத்துக்குப் போனோம். என் கையில் ஐந்து கிலோ அரிசிப் பை, வள்ளியின் எடையில் முக்கால்வாசி இருக்கலாம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பையைக் குழந்தையை அணைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டேன். தாமு வேகமாகக்கூட ஓட்டவில்லை. "இப்போ, இப்போ" என்று சொல்லிவைத்துவிட்டுத்தான் பிரேக்கை அழுத்தினார். பை என் கையில் இல்லை. எப்போது போயிற்று என்றே தெரியவில்லை. முன் கண்ணாடியில் மோதி வெடித்து, அரிசி என் மடியிலும் அவர் சட்டைப் பையிலும் ஜன்னல் இடுக்கிலும் கொட்டிக்கொண்டிருந்தது. ஜெயித்தவர் சிரிப்பார் என்று பார்த்தேன், அவரும் சிரிக்கவில்லை. நான் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் நாள் அந்த இடத்தில் வள்ளி இருந்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அரிசியைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டு அழுதேன்.

அப்போதுதான் எனக்கு எங்கள் நைனா ஞாபகம் வந்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுவதும் தறிக்காரர்கள். தெருக்கோடியில் எங்களுக்கென்று ஒரு முருகன் கோயில். உற்சவத்தின்போது முருகனை மயில் வாகனத்தில் ஏற்றி, எங்கள் ஆண்களே தோளில் சுமந்து, தெருவெல்லாம் ஓட்டமும் நிறுத்தமுமாக ஆட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். சாமியை வாகனத்தோடு கட்டுவது நைனாவின் வேலை. பீடத்துக்கு அடியில் கயிற்றை நுழைத்து, மயிலின் கழுத்தைச் சுற்றி, பின்னால் இருக்கும் வளையங்களில் மாட்டி, முழங்காலை ஊன்றி இறுக்குவார். அதன்மேல் பட்டும் மாலையும் சாத்திவிட்டால் கயிறு வெளியே தெரியாது. கும்பிடுகிறவர்களுக்குச் சாமி மயில்மேல் சாவதானமாக உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். கட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்கள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு வருடம் புதிதாக வந்த குருக்கள், கயிறு புடைத்துக்கொண்டு அலங்காரத்தைக் கெடுக்கிறது, தானே வாகனத்தில் ஏறிப் பின்னால் நின்று சாமியை அணைத்துப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். வாட்டசாட்டமான ஆள். நைனா ஒப்பவில்லை. "நிக்கசொல்ல இருக்கிற கனம் வேற குருக்களே, ஓடசொல்ல இருக்கிற கனம் வேற" என்றார். பெரியவர்கள் குருக்கள் பக்கம் பேசினார்கள், நைனா ஒதுங்கிக்கொண்டார். தெருமுனையில் ஓடி வந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். குருக்கள் நின்றார், முருகன் நிற்கவில்லை. குருக்கள் கையிலிருந்து உருவிக்கொண்டு சாமி மயிலின் தலைமேல் கவிழ்ந்தார். முன் தண்டுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த நைனா பாய்ந்து நெஞ்சால் தாங்கிக்கொண்டதால் கீழே விழவில்லை. அங்கேயே நாலு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, நைனா கயிற்றை எடுத்துக் கட்டினார். வாசலில் நின்று அதை நான் கண்ணால் பார்த்தவள். பார்த்துவிட்டு, மெல்போர்னுக்கு வந்து அந்தக் குருக்கள் செய்ததையே செய்திருக்கிறேன். செம்பட்டை மீசைக்காரர் சொன்ன கனம் எது என்பது அரிசி கொட்டிய காரில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. அவரை மனதுக்குள் திட்டியதற்கு மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே வள்ளி நாற்காலிக்குப் போனாள். நானும் முன் இருக்கையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் ஒரு வாரம் அவள் அழுதாள், நானும் அழுதேன், தாமு பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார். அவர் பாட்டை நிறுத்துவதற்காகவாவது நாங்கள் அழுகையை நிறுத்தவேண்டியிருந்தது. அப்புறம் அவளுக்குப் பழகிவிட்டது. கொக்கி 'டக்' என்று விழுந்தால் அவளும் "டக்" என்பாள். எனக்குத்தான் பழகவில்லை. கை சும்மா இருக்கிறது, மடி சும்மா இருக்கிறது. முட்டைக்கோசைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தோம். பெட்டியில் எல்லோருக்கும் சாமான் வைத்தபோது, தாமு கழற்றி எறிந்து, நான் எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய பெல்ட்டையும் சுருட்டி வைத்தேன். அது நெய்த பட்டை. தறிக்காரர் மகள், முதல் நாளே அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டேன். நைனாவிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தோம். வள்ளி உள்ளே ஏறியதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கட்டிவிடுவதற்காகக் காத்திருந்தாள். கட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்றதும் உதடு பிதுங்கியது.

"இன்னாமா தேடுது கொயந்த?" என்றார் டிரைவர்.

"அங்க கார்ல கட்டிக்கினு போறது பயக்கம்பா. அதத்தான் தேடுது."

"கட்டா? நம்ம வண்டியிலயும் கட்டு இருக்குதே. அந்தாண்ட கதவப் பாருமா."

அந்தப் பக்கத்துக் கதவு மூடாது போலிருக்கிறது, சணல் கயிற்றால் கட்டியிருந்தார். வள்ளி அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "டக்" என்று சொல்லிச் சமாதானமானாள். கயிறு கட்டிய கதவுப் பக்கம் தாமு உட்கார, நான் நடுவில் உட்கார்ந்து வள்ளியை மடியில் அணைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன், இரண்டு வருடமாகக் காலியாக இருந்த மடி நிறைந்ததில் அப்படி ஒரு சந்தோஷம். அதே நேரத்தில் ஒவ்வொரு லாரி எதிரே வரும்போதும் உயிர் போய் உயிர் வந்தது. என் கைமேல் எனக்கு இருந்த நம்பிக்கையை அரிசிப் பையோடு கொட்டிவிட்டேனே. "மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா" என்று நச்சரித்ததில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

"இப்டிப் போனா நாளைக்குத்தாம்மா காஞ்சீவரம்" என்றார் டிரைவர். "என் ஓட்டு மேல நம்பிக்க இல்லியா?"

"ஒன் ஓட்டு மேல இருக்குதுபா. என் கை மேலதான் இல்ல" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு மெதுவாகவே ஓட்டினார்.

நைனா பெல்ட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலால் நெருடினார். ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தார். அது அசையவில்லை, அவர்தான் கொஞ்சம் ஆடிப்போனார்.

"பாவு நல்ல நெருக்கம். ஊடையிலயும் வஞ்சகம் பண்ணல. யாரு நெசவும்மா இது?"

"மிஷினு நைனா. இதப் போட்டுத்தான் அங்க உன் பேத்தியக் கட்டி வெக்கறோம்."

எங்கே திட்டுவாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் வள்ளியைப் பார்த்தார். "பின்ன? ஓடற வண்டியில கட்டாமயா வெப்பாங்க?" என்றார். அவ்வளவுதான். தாமு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாங்கள் இருந்தபோதே உற்சவம் வந்தது. நைனா எதையோ யோசித்து, அந்தப் பெல்ட்டைக் கேட்டு வாங்கிக் கழுவிக் காயவைத்தார். சாமியைக் கட்டும்போது வழக்கமான கயிறுகளோடு, பீடத்தைச் சுற்றி அதையும் போட்டு இறுக்கிக் கொக்கியை மாட்டினார். இப்போது இருக்கும் குருக்கள் தயங்கி, "சீமைச் சாமானாச்சே" என்றார். "நெசவுக்கு இன்னா சீமையும் ஊரும்?" என்றார் நைனா. வள்ளி என் இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கி ஓடினாள். கொக்கியை எட்டிப் பார்த்து "டக்" என்று சத்தமாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பட்டும் மாலையும் சாத்திய பிறகு எதுவும் வெளியே தெரியவில்லை. அன்று முருகன் தெருமுனையில் ஆடின ஆட்டத்துக்கு இம்மிகூட நகரவில்லை. பெல்ட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நைனா திருப்பித் தருவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

திரும்பி வந்த மறுநாள் கடைக்குக் கிளம்பினோம். வள்ளியை அவள் நாற்காலியில் வைத்துப் பூட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். ஊருக்குப் போன அந்தப் பெல்ட்டின் ஜோடி அது. தாமு சாவியைத் திருப்பினார். வள்ளி, "இரு, இரு" என்றாள். "முருகன் டக்?" என்றாள்.

கடல் தாண்டி, எங்கள் தெருக்கோடியில், பூட்டிய கோயிலுக்குள் அந்தப் பட்டை சுருட்டி வைத்திருக்கும் இடம் என் கண்ணுக்குத் தெரிந்தது. காலியாகக் கிடந்த மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "போட்டாச்சு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் வண்டியை எடுக்க விட்டாள். இன்று வரைக்கும் அப்படித்தான் கிளம்புகிறோம்.