கேமராவுக்கு வைத்த பொட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் முற்றத்தில் நின்று வெற்றிலை போடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலம். என் மனைவி புவனா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் போகும்போது மகள் தர்ஷினி தவழ்கிற பிள்ளை. பிறகு நடந்தாள், ஓடினாள், ரப்பர் கொட்டை பொறுக்கினாள். அம்மா என்றால் மட்டும் அவளுக்கு ஜன்னலோரத்து டெலிபோன்தான். ஒருநாள் "அம்மாகிட்ட பேசு கண்ணு" என்று நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அதுக்கு மூஞ்சி இல்லியே" என்றாள்.

அது அங்கே கேட்டுவிட்டது. புவனா சொன்னாள்: "காண்ட்ராக்ட் முடியப்போகுதுங்க. மேடம் இன்னொரு தடவைக்கு கையெழுத்து கேக்குறாங்க. மூஞ்சி தெரியாத பிள்ளைகிட்ட வந்து நான் என்னங்க செய்யப் போறேன்? போட்டுறட்டுமா?"

"போட்டுறாத. மூஞ்சிய நான் காட்டுறேன்" என்றேன். எப்படிக் காட்டுவது என்று எனக்கே அப்போது தெரியாது.

அப்படித்தான் இரத்தினபுரிக்குப் போனேன். மாணிக்க வியாபாரிகள் நிற்கும் தெருவுக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் விற்கும் சந்து ஒன்று இருந்தது. கடைக்காரர் சிங்களவர், நல்ல மனுசன். ஒன்றில் இருந்து பெட்டி, இன்னொன்றில் இருந்து கீபோர்ட், கன்றுக்குட்டி கனத்தில் ஒரு மொனிட்டர் என்று பொறுக்கி ஒரு குடும்பம் போல் சேர்த்துக் கொடுத்தார். போட்டதும் பெட்டிக்குள் காற்றாடி கரகரவென்று கத்தியது. "சத்தம் வாற வரைக்கும் பயம் இல்ல மல்லி. சத்தம் நின்னா மட்டும் இங்க வாங்க" என்றார், தன் பாஷையில் என்னைத் தம்பியாக்கி. புதிதாக வாங்கியது கேமரா ஒன்றுதான், எலுமிச்சம்பழ அளவில், ஒற்றைக் கண்ணோடு.

பஸ்ஸில் மொனிட்டரைப் போர்வையில் சுற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கொண்டக்டர் குனிந்து பார்த்து, போர்த்திய பொம்பளையென்று பாவனை பண்ணி, "நோனாவுக்கும் டிக்கட் போடவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மழையில் ரப்பர் மரங்கள் பின்னால் ஓட, எனக்கு என்னவோ புவனாவையே வீட்டுக்குக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவளுடைய மேடத்தின் மகன் தன் கம்ப்யூட்டரை அவளுக்கு விடுவான். இங்கே டெலிபோனில் வயரை மாட்டி இன்டர்நெட் எடுக்க வேண்டும். மலை மறைத்த தோட்டத்தில் அதற்கு மூச்சு வராது. வந்ததெல்லாம் ஒரு சாம்பல் கட்டம். தர்ஷினி அதை எட்டிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

கையெழுத்துக்கு முந்திய கடைசி வெள்ளி ஆயுத பூசையில் வந்து விழுந்தது. அன்றைக்கு எங்கள் லயத்தில், ஒரே வரிசையில் ஒட்டிய காம்பரா வீடுகளில், பால் வெட்டும் கத்தி, வாளி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன் ஓய்வாக வைப்போம். மறுநாள் விடியும் வரை யாரும் தொடக்கூடாது. கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே? வயர்களை எல்லாம் கழற்றிச் சுருட்டி பெட்டிமேல் வைத்தேன், மாலை போட்டேன், கேமராவின் கண்ணிலேயே அப்பினேன் சந்தனத்தை, நடுவில் குங்குமம்.

பக்கத்துக் காம்பரா லெச்சுமி அக்கா எட்டிப் பார்த்து வாயில் கை வைத்தாள். "எல்லாரும் நெத்தியில வைப்பாங்க, நீ கண்ணுல வச்சிருக்கியே தம்பி!"

"இதுக்கு மூஞ்சி முழுக்க கண்ணுதான் அக்கா."

புவனாவுக்கு போன் போட்டு, இன்றைக்கு மெஷினைத் தொடமுடியாது என்றேன். "சரிங்க" என்றாள். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

பொழுது சாய, தர்ஷினியை உள்ளே விட்டுவிட்டு, பூசணிக்காய் உடைக்க வாசலில் நின்றேன். எங்கள் காம்பராவுக்கு வாசல் ஒன்றுதான், அதை அடைத்துக்கொண்டுதான் நானும் அக்காவும் நின்றோம். அப்போது உள்ளே காற்றாடி கரகரவென்றது. கூடவே பிள்ளையின் சிரிப்பு, கூச்சம் காட்டுகிற சிரிப்பு. அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஓடினேன்.

சத்தம் நின்றிருந்தது. மாலை அப்படியே, சுருட்டிய வயர் அப்படியே, திரை கறுப்பு. அதன் முன்னால் தர்ஷினி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் ஒரு தளர்ந்த குடுமி போட்டுவிட்ட தலையில் இப்போது வழுவழுவென்று ரெட்டைச் சடை. எனக்குச் சடை பின்ன வராது.

போன் அடித்தது. புவனா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "தொடக்கூடாதுன்னுட்டு ஏங்க போட்டீங்க? பிள்ள என்னைப் பாத்து அம்மான்னு கூப்பிட்டா! படந்தான் ஒரே மஞ்சளா இருந்துச்சு, நடுவுல செவப்பா ஒரு பொட்டு வேற. பரவால்லங்க. நான் கையெழுத்து போடல. வாறேன்."

நான் கேமராவைப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து லேசாக வெடித்திருந்தது.

வந்தாள். விமான நிலையத்துக் கூட்டத்தில் தர்ஷினி என் கையை உதறிவிட்டு நேராக அவள் இடுப்பில் போய் முகம் புதைத்தாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? இத்தனை வருடமும் குறையில்லாமல்தான் இருக்கிறோம். கம்ப்யூட்டர் எப்போதோ செத்துப்போனது. கேமரா மட்டும் சாமி தட்டில் இருக்கிறது, துடைக்கவில்லை.

அந்தச் சடையை புவனாதான் எப்படியோ பின்னியிருக்கிறாள் என்று எனக்குள் முடிவுகட்டி நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மகளுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"நானா? நான் பாக்கும்போதே பின்னிக்கிட்டு இருந்தாங்களே. பிள்ளைக்குப் பின்னால ரெண்டு கை தெரிஞ்சுச்சு. லெச்சுமி அக்கான்னுல்ல நெனச்சேன்."

அக்கா அப்போது என்னோடு வாசலில் நின்றாள். கையில் பூசணிக்காய்.