பக்கம் திருப்புகிறவள்

என் அண்ணி வயலின்காரி. பெரிய இசைக்குழு ஒன்றில் எண்பது பேரில் ஒருத்தி. வேலையில் சேர்ந்த நாள் முதல் அவளுக்குக் கிடைத்தது உள் நாற்காலிதான்.

அந்த நாற்காலியின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். இசைக் குறிப்புத் தாளை வைக்க இரண்டு பேருக்கு ஒரே ஸ்டாண்டு. ரசிகர்கள் பக்கமாக உட்காருகிறவர் நிறுத்தாமல் வாசிப்பார். உள்ளே இருப்பவர் பக்கம் முடியும்போது வாசிப்பை விட்டுவிட்டுத் தாளைத் திருப்பி, மறுபடி சேர்ந்துகொள்வார். உள் நாற்காலிகளில் பெரும்பாலும் பெண்கள்தான். யாரும் சட்டம் போடவில்லை, அதுவாக அமைந்துவிட்டதாம். நல்ல சமாதானம்! இதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் அண்ணி கேட்டிருக்கிறாளே தவிர, மேடையில் வாசித்ததே இல்லை.

வயலின்காரர்கள் எல்லாரையும் முன்னால் இருந்து நடத்திப் போகும் முதல் நாற்காலி காலியானது. போட்டியிட்டவர்களைத் திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். ஆளைப் பார்க்காதவரை அண்ணிதான் முதல். திரையை விலக்கியதும் குழுத் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு கச்சேரி வாசிச்சுக் காட்டட்டும். அப்புறம் கூட வாசிக்கிறவங்க ஓட்டுப் போடட்டும்" என்றார். போட்டியில் தோற்ற தாடிக்காரரை உள் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அத்தனை வருஷமும் அண்ணி தாள் திருப்பியது அவருக்குத்தான்.

அந்த வாரம் முழுக்க அண்ணி வீட்டில் கடைசி வரிகளை மட்டும் வாசித்தாள். வரி முடிவதற்குள் இடது கை தந்தியை விட்டுவிட்டுத் தாளைத் தேடும். "பாழாப்போன கை!" என்று அழுதாள்.

"கையைக் கட்டிப் போட்டுட்டு வாசி" என்றான் அண்ணன்.

"நீ முதல்ல உன் வாயைக் கட்டுண்ணா" என்றேன் நான்.

கச்சேரியன்று நானும் அண்ணனும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். பக்கத்தின் அடி வந்தது. தாடிக்காரர் கை அசையவில்லை. மறந்தாரோ, மறந்ததுபோல இருந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அண்ணியின் விரல்கள் தந்தியிலிருந்து லேசாக எழும்பின. அவள் நிறுத்தினால் பின்னால் இருக்கும் அத்தனை வில்லும் தடுமாறும், நாற்காலியும் கைவிட்டுப் போகும்.

விரல்கள் மறுபடி தந்தியில் இறங்கின. தாடிக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைசி வரியை வாசித்தாள். தாள் திரும்பவே இல்லை. அடுத்த பக்கத்தையும் மனப்பாடமாக வாசித்துக்கொண்டே போனாள். மனப்பாடம் இல்லாத தாடிக்காரர்தான் திருதிருவென்று விழித்தார். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து அவரே தாளைத் திருப்பினார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "மறந்துட்டேன்மா. அதுக்காக அப்படியா முறைக்கிறது? சிரிச்சுக்கிட்டே ஜாடை காட்டியிருந்தா திருப்பியிருக்க மாட்டேனா?" என்றார்.

ஓட்டெடுப்பு இன்னும் நடக்கவில்லை. ஒரு மன்னிப்பு கேட்டு வை என்று அண்ணன் அவள் முழங்கையை இடித்தான்.

"சிரிச்சா வாசிக்க முடியாது சார், தாடை வயலின்ல இருக்கு" என்றாள் அண்ணி.

ஓட்டு முடிந்து தலைவர் வந்தார். "வாசிப்புல ஒரு குறையும் இல்லை. ஆனா ஒத்துப்போற குணம் கொஞ்சம் கம்மின்னு நினைக்கிறாங்க. அதனால இப்போதைக்கு நிரந்தரம் இல்லை. ஒரு வருஷம் தற்காலிகமா முதல் நாற்காலியில இருங்க, பார்ப்போம்."

அவளுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்த ஆண்கள் ஒருவருக்கும் இந்த 'பார்ப்போம்' இருந்ததில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணி வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"ஒரு வருஷமா? சரி சார்" என்றவள், தாடிக்காரரைப் பார்த்தாள். "அப்போ அந்த ஒரு வருஷமும் பக்கத்தை இவர்தானே திருப்பணும்?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிரத் தலைவருக்கு வேறு வழியில்லை.