குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது

என் மாமியார் மாட்டுக்கொட்டகைச் சேற்றில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்தது. ஓசூரில் ஆபரேஷன் செய்து, தொடை எலும்பின் உடைந்த தலையை எடுத்துவிட்டு உலோக உருண்டை ஒன்றைப் பொருத்தினார்கள். அது உட்காரும் இடுப்புக் கிண்ணம் பழையது, உருண்டை மட்டும் புதியது; அதனால் பாதி மாற்று மூட்டு என்றார் டாக்டர். வாக்கரைப் பிடித்து நடக்கவும் வைத்தார்கள். அனுப்பும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் உருண்டை நழுவிவிடும்.

உத்தனப்பள்ளியில் எங்கள் வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கக்கூஸ். என் கணவர் நடுவில் ஓட்டை போட்டு அடியில் வாளி வைத்த நாற்காலி ஒன்றை வாங்கிவந்து கட்டிலருகே போட்டார். அத்தைக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசியது. "வூட்டுக்கு வந்த பொண்ணு எம் பீய அள்றதா? அதுக்கு நான் போய்ச் சேர்றதே மேலு" என்றார். எனக்கோ லீவு முடிந்திருந்தது. "நான் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணி வெச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும் அத்த" என்று மிரட்டிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பியபோது வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே ஓடினேன். அத்தை கக்கூஸ் கதவருகே கிடந்தார். ஆபரேஷன் செய்த கால் மற்றதைவிடக் குட்டையாகி, முட்டி உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய்க் குந்தியிருக்கிறார். அவருடைய தம்பி அதற்குள் ஊரில் சுளுக்கு எடுப்பவரைக் கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் எண்ணெய்க் கையோடு கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கால விடுங்க!" என்று கத்தினேன்.

"சுளுக்குதாம்மா. ஒரு இழுப்பு இழுத்தா சரியாப் பூடும்."

"உள்ள இரும்பு இருக்குதுங்க. இழுத்து எலும்பு உடைஞ்சா நீங்களா நடக்க வெப்பீங்க?"

"பெரியவங்க இருக்கறப்ப என்னா வாய் உனக்கு?" என்று அத்தையின் தம்பி எகிறினார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு. யாரிடமும் பேசிப் புண்ணியமில்லை என்று காலுக்குக் குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய், அவ சொல்றதக் கேளுடா" என்றார். அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

மயக்க மருந்து கொடுத்து உருண்டையைத் திரும்பக் கிண்ணத்தில் ஏற்றினார்கள். "இந்தத் தடவை தப்பிச்சீங்க. மறுபடி நழுவினா திரும்பத் திறக்கணும். இந்த வயசுக்கும் சர்க்கரைக்கும் தாங்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

நான் சம்பளமில்லா லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அந்த நாற்காலியில் உட்காராமல் இருக்க அத்தை வேறு வழி கண்டுபிடித்தார்: சோற்றைக் குறைத்தார், தண்ணீரைக் குறைத்தார். உதடு வெடித்துப்போனது. மாத்திரையைக்கூட ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க மகளா இருந்தா இப்படிப் பட்டினி கெடப்பீங்களா? என்னைய இன்னும் வெளியாளாவே வெச்சிருக்கீங்க!"

கத்தக் கத்த அழுகை வந்துவிட்டது. அத்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமால் என்று போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணு" என்று குரல் வந்தது. மறுபடி எழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடினேன். எழவில்லை. படுத்தபடி இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"வவுறு வலிக்குது. புடிச்சு உக்கார வெய்யி."

காலை மடங்கவிடாமல் தாங்கிப் பிடித்து, மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கப் போனேன். என் சேலையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போவாத. இங்கயே நில்லு."